கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறிப்போகும்படி எந்த உரிமையாளரும் தன் வண்டியைத் திருத்தி அமைக்கக் கூடாது. அமைக்க விரும்பினால் பதிவு அலுவலகத்துக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த ஏழு நாளுக்குள் அலுவலகம் உரிமையாளருக்குத் தபாலில் பதில் சொல்ல வேண்டும். ஏழு நாளில் பதில் வராவிட்டால், அனுமதி கிடைத்துவிட்டதாகவே கொள்ளலாம். நான் சொல்லும் வருடத்தில் சட்டம் இப்படித்தான் இருந்தது. பிற்பாடு மாற்றினார்கள். மாற்றியது நல்லதற்குத்தான்.

அந்த மனிதருக்கு இந்தப் பிரிவு எதுவும் தெரியாது. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எந்தக் காகிதத்திலும் தன் பெயர் வருவதை அவர் விரும்பியதில்லை. ராயப்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டுக்குப் பின்னால் குடியிருந்தார். மெக்கானிக். மயிலாப்பூரிலும் கோபாலபுரத்திலும் பழைய வண்டி வாங்குகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். 'பயம் மேஸ்திரி' என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அவர் எதிரிலேயே அப்படிச் சொல்வார்கள். அவர் அதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

மற்ற மெக்கானிக்குகள் பானெட்டைத் திறப்பார்கள், காதை வைத்துக் கேட்பார்கள், எண்ணெயைத் தொட்டு முகர்வார்கள். இவர் அதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். பிறகு வண்டியின் கடைசி வரிசைக்குப் போய் உட்காருவார். கதவை மூடச் சொல்வார், கண்ணாடியை ஏற்றச் சொல்வார். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

"ஓட்டுங்க. பேச்சு வேணாம்."

அரைமணி நேரம். மெட்ராஸ் வெயிலில், மூடிய வண்டியில். வாங்குகிறவரும் விற்கிறவரும் முன்னால் வேர்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்கியதும் தெருக்குழாயில் முகம் கழுவுவார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம் இரண்டில் ஒன்று சொல்வார். "பயம் இல்ல." அல்லது, "பயமா கீது."

அவ்வளவுதான் அவர் அறிக்கை. ஏன் பயம், எதில் பயம், எவ்வளவு பயம் என்று கேட்டால், "தெர்ல சார். கீது" என்பார். பயம் என்று சொன்ன வண்டிக்குக் கூலி வாங்க மாட்டார். இதனால் புரோக்கர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதை அவர்கள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்கள். அது உண்மைதான். லைசென்ஸே எடுத்ததில்லை.

கோழை என்று அவரைச் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ஒருவர் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது, நின்றுகிடந்த காரின் பானெட்டுக்குள் பாம்பு இருந்தது. தெருவே தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. இவர் வந்து, ஏதோ கழன்ற பெல்ட்டை எடுப்பதுபோல் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, சாக்கில் போட்டுக் கட்டினார். என் மனைவி வாசலிலிருந்து கேட்டாள்.

"ஏன் மேஸ்திரி, இதுக்கு பயமா இல்லையா?"

"பாம்பு கண்ணுக்குத் தெரிதேம்மா. அதுக்கு இன்னாத்துக்கு பயம்?"

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். ஒன்பது பேர் குடும்பம். பெரிய டீசல் வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். மேஸ்திரி அரைமணி நேரம் பின்னால் உட்கார்ந்து வந்து, பயம் இல்லை என்றார். அண்ணாச்சி வாங்கினார். ஒரே மாதத்தில் கியர்பாக்ஸ் போய், குடும்பம் முழுக்க பாண்டி பஜாரில் நடுரோட்டில் நின்றது. அண்ணாச்சி ஆள் அனுப்பி மேஸ்திரியைக் கடைக்கு வரவழைத்தார். நானும் அங்கே இருந்தேன்.

"என்னய்யா, பயமில்லன்னு சொன்னீரு? ஒரு மாசம் தாங்கலியே வண்டி? பொம்பளயாளுக எல்லாம் ரோட்டுல நிக்காவ!"

"வண்டி நிக்கும்னு நான் எப்ப பயந்தேன் அண்ணாச்சி? நிக்கிறது நல்லதுதானே. எறங்கி ஆட்டோ புட்ச்சி ஊட்டுக்குப் போலாம்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. நான் சிரித்தேன்.

கோபாலபுரத்து டாக்டர் கதை இதற்கு நேர்மாறு. அவர் வாங்க நினைத்த மூன்று வரிசை வண்டியைப் பார்த்துவிட்டு மேஸ்திரி பயம் என்றார். டாக்டர் சிரித்துவிட்டு வாங்கினார். அந்த வண்டி வருடக்கணக்கில் ஓடியது, ஒரு கீறல் விழவில்லை. இதை நான் மேஸ்திரியிடம் கொஞ்சம் குத்தலாகவே எடுத்துச் சொன்னேன்.

"ஓடட்டும் சார். நல்லா இருக்கணும். நானும் தெனம் வேண்டிக்கினுதான் கீறேன்" என்றார்.

நான் நம்பவில்லை. பிறகு ஒருநாள் ராதாகிருஷ்ணன் சாலையில் பார்த்தேன். டாக்டரின் வண்டி எதிரே வர, மேஸ்திரி சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நின்றார். வண்டி கடந்து போகிறவரை அதன் பின் கண்ணாடியையே பார்த்தார். உள்ளே தலைகளை எண்ணியதுபோல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அன்று முழுவதும் என்னவோ போல் இருந்தது. ஆனால் 'என்னவோ' என்பதை எந்தக் கோப்பிலும் எழுத முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத்தில் கோப்பு பார்த்தவன் நான். காரணம் எழுதாத குறிப்பைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியே பெயர் வாங்கியவன்.

தொண்ணூற்றைந்தில் எங்களுக்கே வண்டி தேவைப்பட்டது. லஸ் பக்கம் ஒரே வீட்டில் எட்டுப் பேர். நான், மனைவி, இரண்டு பெண்கள், என் அப்பா, தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஆறு வயதுப் பையன். இரண்டு ஸ்கூட்டர்கள். அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, வீஸிங். தூசி பட்டால் இரவெல்லாம் உட்கார்ந்துகொண்டே தூங்குவாள். ஒரு கல்யாணம் என்றால் வீட்டை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை ஆட்டோவில் அனுப்ப வேண்டியிருந்தது.

புது மூன்று வரிசை வண்டி எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பழையதில் தேடினோம். மேஸ்திரியுடன் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தேன். ஜீப்பை நீட்டி, பின்னால் எதிரெதிராகப் பெஞ்சு போட்ட வண்டி ஒன்று. பயம். டூரிஸ்ட் கம்பெனியில் ஓடிய வேன் ஒன்று. பயம். முன்னாலேயே மூன்று பேர் உட்காரலாம் என்று விற்பவர் சத்தியம் செய்த பழைய பெரிய கார் ஒன்று. அதற்கு மேஸ்திரி ஏறவே இல்லை, சக்கரத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஐந்தாவது வாரம் அடையாறில் கிடைத்தது. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவருடையது. பெட்டி போன்ற சின்ன வேன், இரண்டு வரிசை, பின்னால் சாமான் வைக்க வெறும் தளம். பால் வாங்கவும் கோயிலுக்கும் மட்டும் ஓடியது. மேஸ்திரி இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து பெசன்ட் நகர் வரை போய்த் திரும்பினார். இறங்கி முகம் கழுவினார்.

"பயம் இல்ல சார். தங்கமான வண்டி. வாங்கிடுங்க."

"எட்டுப் பேருக்கு இடம் வேணுமே மேஸ்திரி?"

"ரெண்டு தபா போங்க."

நான் வேறு வழி யோசித்தேன். பின்னால் இருந்த வெறும் தளத்தில் ஒரு பெஞ்சு போட்டால் மூன்றாவது வரிசை தயார். மெட்ராஸில் பாதி வேன்கள் அப்படித்தான் ஓடின, பெரும்பாலும் யாரையும் கேட்காமல். நான் கேட்காமல் செய்கிறவன் அல்ல. நவம்பர் ஆறாம் தேதி, பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்த அதே கையோடு, பிரிவு 52-இன் கீழ் அறிவிப்பும் தயார் செய்து, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பினேன். மறுநாளே அங்கே சேர்ந்துவிட்டதாக முத்திரையுடன் அட்டை திரும்பி வந்தது. ஏழு நாள் எண்ணினேன். பதில் இல்லை. கூடுதலாக ஒருநாள், தபால் தாமதத்துக்காக என் சொந்தச் சலுகை. அதற்கும் பதில் இல்லை. அன்று மாலை காப்பி குடிக்கும்போது தம்பியிடம் சொன்னேன், "அனுமதி ஆயிடுத்து."

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை நடந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். தரைத் தகட்டில் நான்கு ஓட்டை போட்டு, போல்ட்டில் பெஞ்சை முடுக்கினார்கள். உட்கார்ந்து பார்த்தால் முழங்கால் முன் சீட்டில் இடித்தது. கழற்றி, நாலு விரல் பின்னால் தள்ளி, புதிதாக நான்கு ஓட்டை போட்டார்கள்.

"பழைய ஓட்டை?" என்று கேட்டேன்.

"அடியில பலகை அடிச்சு மூடிட்டா தெரியாது சார். நீட்டா இருக்கும்."

நீட்டாக இருக்கட்டும் என்றேன். சொன்னது நான்தான். பெஞ்சின் அடிப்பக்கம் முழுவதையும் ஒட்டுப்பலகையால் மூடி, பழுப்பு ரெக்ஸின் ஒட்டினார்கள். கம்பெனியிலிருந்து வந்ததுபோலவே இருந்தது.

மறுநாள் மேஸ்திரியை அழைத்துக் காட்டினேன். சும்மா பெருமைக்குத்தான். அவர் பெஞ்சைப் பார்த்தார். பின் கண்ணாடியைத் தட்டினார். அது திறக்காத கண்ணாடி. பின் கதவின் உள்பக்கம் கையால் தடவினார். அங்கே பிடி கிடையாது, வெளியிலிருந்துதான் திறக்கும். ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஓட்டுங்க" என்றார். தம்பி ஓட்டினான். அடையாறு பாலம் தாண்டி, திருவான்மியூர் போய்த் திரும்பினோம். இறங்கியவர் முகம் கழுவப் போகவில்லை. மதில் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பயமா கீது சார்."

"அன்னிக்கு இல்லேன்னீரே?"

"அன்னிக்கு இல்ல. இன்னிக்கு கீது."

"என்ன காரணம்? பெஞ்சு ஆடறதா? பிரேக்கா? காரணத்தைச் சொல்லும், சரி பண்ணிடலாம்."

"தெர்ல சார். பின்னாடி கொழந்தைங்கள குந்த வெக்காதீங்க. மூட்டை வெச்சிக்கோங்க."

"மூட்டை வைக்கவா இவ்வளவு செலவு பண்ணினேன்? இது முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, அனுமதி வாங்கிப் போட்ட சீட்டு."

"அனுமதி குடுத்தவரு இதுல குந்தி வந்தாரா சார்?"

தம்பி சிரித்துவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. அன்று அவருக்குக் கூலியை வலுக்கட்டாயமாகக் கையில் வைத்தேன். அதை அவர் எங்கள் வாசல் மாடத்தில் வைத்துவிட்டுப் போனதை மாலையில்தான் பார்த்தோம்.

பின் வரிசை மூன்று குழந்தைகளுக்கு என்று ஆயிற்று. பெரியவள் பின் மூலையில். அங்கேதான் தூசி வராது. டிசம்பரில் கச்சேரிகளுக்கு நாரத கான சபா பக்கமும் தி. நகருக்குமாகப் போய்வந்தோம். பத்து நிமிட, பதினைந்து நிமிடப் பயணம். பெரியவள் இறங்கும்போதெல்லாம் தலை வலிக்கிறது என்றாள். பையன் ஒருமுறை வாந்தி எடுத்தான். வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று என் மனைவி ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கையில் வைத்து முகரச் சொன்னாள்.

மேஸ்திரி அந்த மாதங்களில் நாலைந்து முறை எங்கள் வாசலில் தென்பட்டார். வேலை எதுவும் இல்லாமல். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்பார்.

"பசங்க எங்க குந்துறாங்கம்மா?"

"பின்னாடிதான் மேஸ்திரி. அவாளுக்கு அது பிடிச்சிருக்கு" என்பாள் என் மனைவி.

தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் அவள் என்னிடம் வந்து சொன்னாள்.

"ஏன்னா, அந்த மனுஷர் வந்துட்டுப் போனாலே எனக்கு அன்னிக்கு முழுக்க ஒரு வேலையும் ஓட மாட்டேங்கறது. ஒரு தடவை யார்கிட்டயாவது காட்டிடலாமே?"

"யார்கிட்ட என்னன்னு காட்டறது? ஒருத்தர் பயப்படறார்னா?"

ஜனவரி கடைசி ஞாயிறு, செங்கல்பட்டில் ஒரு கல்யாணம். காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். வாசலுக்கு வந்தால், வண்டியின் கடைசி வரிசையில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். துவைத்த சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். தம்பி வண்டியைத் துடைக்கத் திறந்துவைத்தபோது ஏறியிருக்கிறார்.

"என்ன மேஸ்திரி?"

"நானும் வரேன் சார். பசங்களோட பின்னாடி குந்திக்கினு வரேன். மண்டபத்துக்கு உள்ள வரமாட்டேன். வண்டியாண்டயே இருக்கேன்."

"எதுக்கு?"

அவர் முழங்காலில் வைத்திருந்த கையை எடுத்து முன் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்தே எப்போதும் வண்டியைச் சோதித்தவர்தான், ஆனால் இவ்வளவு பயத்தோடு ஒரு மனிதர் ஒரு இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்திருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெண்கள் பட்டுப்பாவாடையோடு வாசலில் நின்றார்கள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று அப்பா முன் சீட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

நான் என்ன சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. "இந்த வண்டிக்கு எட்டுப் பேர்தான் கணக்கு. ஒன்பதாவது ஆள் ஏறினால் சட்டப்படி தப்பு. இறங்கும்."

இறங்கினார். பெரியவளைப் பார்த்து, "பாப்பா, தூக்கம் வந்தா தூங்காத. அப்பாவக் கூப்டு" என்றார்.

போகும்போது காலைக் குளிர், சாலை காலி. மழைச்சாரலும் இல்லை, தூசியும் இல்லை என்று தம்பி கண்ணாடிகளைத் திறந்துவைத்து ஓட்டினான். இறங்கும்போது பெரியவள் தலைவலி என்றாள், கல்யாணச் சத்தத்தில் அது போய்விட்டது. சாப்பாடு முடிந்து, நடுப்பகலில் திரும்பினோம். தாம்பரத்துக்கு மேல் லாரிப் புகையும் தூசியும் தாங்கவில்லை. பெரியவளுக்காகக் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னவன் நான். கிண்டிக்கு முன்னால் ஏதோ ஊர்வலம். வண்டிகள் நின்றுவிட்டன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் திரும்ப எடுக்கச் சிரமம் என்று தம்பி அணைக்கவில்லை. முக்கால் மணி நேரம் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தோம். பின்னால் பேச்சுச் சத்தம் இல்லை. குழந்தைகள் தூங்குவது நல்லதுதான் என்று நாங்கள் நடு வரிசையில் கல்யாணத்துக் குறைகளைப் பேசிக்கொண்டு வந்தோம். எங்கள் முதுகுக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு முழம் இருக்கும்.

காந்தி மண்டபம் தாண்டியபோது சின்னவள் என் தோளைப் பிடித்தாள். அவள் குரல் குழறியது.

"அப்பா, அக்கா எழுந்துக்க மாட்டேங்கறா."

என் மனைவி திரும்பினாள். பெரியவளின் கன்னத்தைத் தட்டினாள். தலை அப்படியே கண்ணாடிப் பக்கம் சரிந்தது. பையன் தன் மடியிலேயே வாந்தி எடுத்திருந்தான், அதுகூடத் தெரியாமல் கிடந்தான்.

"ஏன்னா... ஏன்னா..." பெரியவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

தம்பி வண்டியை ஓரம் கட்டினான். நான் இறங்கிப் பின்னால் ஓடினேன். பின் கதவின் பிடி சூடாக இருந்தது. பூட்டியிருந்தது. சாவி எஞ்சினில். தம்பி சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து திறப்பதற்குள் எத்தனை நொடி ஆயிற்றோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பெண்ணின் பின்னலும் அதில் வைத்த மல்லிகையும் அசையாமல் இருந்தன. அந்த நொடிகளில் எந்தச் சட்டமும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மேஸ்திரி சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டது மட்டும் ஞாபகம் வந்தது.

அடையாறில் ஒரு நர்சிங் ஹோம். டாக்டர் வயதில் சின்னவர். மூன்று பேரையும் பார்த்தார். வீஸிங் என்று சொல்லத் தொடங்கிய என்னைக் கையால் நிறுத்தினார்.

"வண்டியில வந்தீங்களா? கண்ணாடி மூடியிருந்துதா?"

ஆமாம் என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

சொன்னேன். அவர் நர்ஸைப் பார்த்து ஆக்ஸிஜன் என்றார். பையனும் சின்னவளும் அரைமணியில் அழத் தொடங்கினார்கள். அந்த அழுகையைப்போல் இனிமையான சத்தத்தை அந்த வருடக் கச்சேரிகள் எதிலும் நான் கேட்கவில்லை. பெரியவள் அழவில்லை. மாலை ஐந்து மணி சுமாருக்குக் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், யார் என்று யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு, "தூங்கிட்டேனாப்பா?" என்றாள்.

மறுநாள் காலை மேஸ்திரி வந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியாது. "பாப்பா?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றதும் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி கொண்டுவந்து கொடுத்த தண்ணீரில் பாதிதான் குடித்தார்.

பிறகு பெஞ்சின் பலகையைப் பெயர்த்தார். உள்ளே நான்கு ஓட்டைகள், விரல் நுழையும் அளவுக்கு. டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை ஒன்றில் ஊற்றச் சொல்லிவிட்டு, அடியில் படுத்துக்கொண்டார். தம்பி எஞ்சினை முன்பே ஓடவிட்டிருந்தான். ஊற்றினேன். அடியில் உஸ்ஸென்று சத்தம் வந்தது.

"சைலன்சர் மூட்டு மேலதான் சார் வுழுது. மூட்டும் லேசா வுட்டுக்கினு கீது. பொகை நேரா உள்ள வருது."

எழுந்து வந்து கையைத் துடைத்தார். நான் சொல்லப்போவதைக் கேட்கவே அவருக்குப் பிடிக்காது என்று தோன்றியது. ஆனாலும் கேட்டேன்.

"அன்னிக்கே உமக்குத் தெரிஞ்சிருந்ததா?"

"தெரிஞ்சிருந்தா பேத்துக் காட்டியிருக்க மாட்டேனா? தல வலிச்சுது சார். அரைமணிதான் குந்தினேன், தல வின்னுவின்னுனு வலிச்சுது. நைட்டு தூங்கல, அதான்னு நெனச்சிக்கினேன். ஆனா தல வலிச்சா எனக்கு பயம் வந்துரும். எப்பவும் அப்டித்தான்."

நான் மூன்று முறை அவரிடம் காரணம் கேட்டேன். உடம்புக்கு என்ன செய்கிறது என்று ஒரு முறையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலை வலிக்கிறது என்றிருப்பார். என் பெண்ணும் அதைத்தான் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவரே பெஞ்சைக் கழற்றினார். எட்டு ஓட்டையையும் தகடு வைத்துப் பற்றவைத்து அடைத்தார், சைலன்சர் மூட்டை மாற்றினார். பிறகு, பின் கதவை மூடச் சொல்லி, வெறும் தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மயிலாப்பூரைச் சுற்றி ஒரு மணி நேரம் வந்தார். இந்த முறை நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இருட்டுக்குள் ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டு, என் நெற்றியில் எங்காவது வலி தொடங்குகிறதா என்று தேடிக்கொண்டு வந்தேன். இதைத்தான் இவர் இத்தனை வருடமாக, யார் யாருடைய குழந்தைகளுக்காகவோ, ஞாயிறுதோறும் செய்துகொண்டிருந்தார் என்பது லஸ் முனை திரும்பும்போது எனக்குத் தெரிந்தது.

இறங்கியதும், "பயம் இல்ல சார்" என்றார். எனக்கு இருந்தது. அதன் பிறகு அந்த வண்டியில் எப்போதும் ஐந்து பேர்தான் போனோம். மற்றவர்கள் ஆட்டோவில் வந்தார்கள்.

பிப்ரவரியில் அடையாறு வங்கி அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். வண்டியை விற்ற கையோடு பம்பாயில் மகனிடம் போயிருந்தவர், மூன்று மாதம் கழித்து அப்போதுதான் திரும்பியிருந்தார். வீடு பூட்டிக் கிடந்ததாம். தபால் பெட்டியில் வண்டி சம்பந்தமாக ஒரு உறை கிடந்தது, உங்களுக்கு வேண்டியிருக்கும் என்று கொடுத்தார்.

பதிவு அலுவலகத்திலிருந்து. பதிலை 'உரிமையாளருக்கு' அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். நான் அறிவிப்புக் கொடுத்த அன்று, பெயர் மாற்றம் முடியவில்லை. அவர்கள் ஏட்டில் உரிமையாளர் அடையாறுக்காரர்தான். அவர்கள் சரியான முகவரிக்கு, சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேறொருவர் இந்தத் தப்பைச் செய்து என் மேஜைக்கு வந்திருந்தால், சிவப்பு மையில் இரண்டு வரி எழுதித் திருப்பியிருப்பேன்.

கடிதத்தில் நான்கே வரி. பின்தளத்தில் இருக்கை பொருத்தத் தற்போது அனுமதி இல்லை. தரைத் தகட்டில் துளையிடும் இடத்துக்கு நேர் கீழே புகைக்குழாய் செல்வதால், வண்டியை முதலில் ஆய்வுக்குக் கொண்டுவரவும். கீழே ஓர் ஆய்வாளரின் கையெழுத்து, படிக்க முடியாத கிறுக்கல். கடிதத்தில் போட்டிருந்த தேதி நவம்பர் 10. நான் ஏழு நாள் எண்ணத் தொடங்கிய மூன்றாம் நாள்.

என் கைக்கு வந்தது பிப்ரவரி 24, சனிக்கிழமை.